செருப்புக்கு எடம் கெடையாது

எங்க தெருவுல கொடம்னா ஆளு. இத்த மொதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி அப்பால நான் சொல்றது எதுவும் வெளங்காது. தண்ணி லாரி எத்தினி மணிக்கு வரும்னு லாரிக்காரனுக்கே தெரியாத ஊரு இது. அதுக்காவ நாள் பூரா ரோட்லயே நின்னுகினு இருக்க முடியுமா? சோறு ஆக்கணும், பசங்கள ஸ்கூலுக்குத் தொரத்தணும், வேலைக்கி ஓடணும். அதனால கொடத்த வரிசைல வெச்சிட்டு அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுவோம். நீலக் கொடம், பச்சக் கொடம், வயித்துல பெயின்ட்டால பூவோ சிலுவையோ பிறையோ போட்ட கொடம். கொடம் எங்க நிக்கிதோ அங்க அந்தப் பொம்பள நிக்கிறான்னு அர்த்தம். எவனும் தொட மாட்டான். தொட்டா என் வாய்க்கி பதில் சொல்லணும்.

ஆமா, அந்த வரிசைய மேய்ச்சது நாந்தான். யாரும் என்னைத் தலைவியா ஒக்கார வெக்கல. தொண்ட பெருசு, அவ்ளோதான். வண்ணாரப்பேட்டைல ஒரு அண்ணாச்சி கடைக்கி நைட்டி தெக்கிற வேலை எனக்கு. இருபது மிஷின் ஓடற சத்தத்துல கத்திக் கத்தியே பேசி அப்பிடி ஆயிடுச்சி. காலடிப்பேட்டைல எங்க சந்துல நான் பேசுனா மார்க்கெட்டு வரைக்கும் கேக்கும்னு என் வூட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு.

எதிர்வூட்ல ஒரு பொண்ணு. பொண்ணு இன்னா பொண்ணு, அப்பவே ரெண்டு புள்ளைங்களுக்குத் தாயி. ஆனா என்னை விட பதினஞ்சு வயசு சின்னவ, வாயத் தொறந்தா "யக்கா, யக்கா"ன்னுதான் வரும். புருசன் எண்ணூர் பக்கம் காண்ட்ராக்டுல வெல்டரு. நல்ல கைவேலை. ஆனா மாசத்துல பத்து நாளு வேலை, இருபது நாளு வெறுங்கை. அந்தாளுக்கு வெளிநாட்டுல வேலை வாங்கித் தரேன்னு ராயபுரத்துல ஒரு ஏஜென்ட்டு சொல்லியிருந்தான். பாஸ்போர்ட்டு ஆச்சி, மெடிக்கல் ஆச்சி, பாதிப் பணம் கட்டியாச்சி. மீதிப் பணத்தக் கட்டுனா டிக்கெட்டு. அந்த மீதிக்கு இவ கழுத்துச் செயினக் கழட்டி வித்துட்டு, தாலிய மஞ்சக் கயித்துல கோத்துகினா. அத்த எங்கிட்ட காட்டி, "ரெண்டு வருசம்க்கா, அதே மாரி ரெண்டு வாங்கிப் போட்டுக்கறேன்"னு சிரிச்சா.

செயின வித்தது காலைல. நோட்டு செல்லாதுன்னு சொன்னது அதே நாளு ராத்திரி எட்டு மணிக்கி. செயினுக்கு அவ வாங்கி வெச்சிருந்தது பூரா ஐநூறு ரூபா நோட்டு.

அந்த நாளுங்கள நெனச்சா எனக்கு இப்பவும் கோவந்தான் வருது. கறுப்புப் பணத்தப் புடிக்கிறோம்னாங்க. எங்க தெருவுல கறுப்பா இருந்தது அடுப்பங்கரை செவுரு மட்டுந்தான். ஊரே பைத்தியம் புடிச்ச மாரி ஆயிடுச்சி. மீன்காரம்மா கூடையோட வந்து, "காசப் பத்திப் பேசாத, நாறிப் போறதுக்கு முன்னால வாங்கிக்கோ"ன்னு தட்டுல கொட்டிட்டுப் போச்சி. டீக்கடையில ஐநூறு குடுத்தா அஞ்சு நாளைக்கி டீ, சில்லறை கெடையாது. எங்க அண்ணாச்சி இருக்காரே, பத்து வருசத்துல ஒருநாளு முன்பணம்னு கேட்டா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிற மனுசன், எங்க எல்லாரையும் கூப்ட்டு வெச்சி ரெண்டு மாச சம்பளத்த முன்னாலயே நீட்டுனாரு. "கொஞ்சம் சமாளிச்சிக்கிடுங்கம்மா, எல்லாருக்கும் கஷ்டந்தானே"ன்னாரு. பூரா பழைய நோட்டு. அவரு ஒக்காந்த எடத்துலருந்தே எங்க இருபது பேரையும் பேங்கு வரிசைல நிறுத்திட்டாரு. வேணாம்னு சொல்ல எனக்கு தெம்பு இல்ல. வாங்கிகினேன்.

பணத்த பேங்குல போடறது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல. எடுக்கறதுதான் பேஜாரு. வாரத்துக்கு இவ்ளோதான்னு ஒரு கணக்கு. அதுவும் பேங்குக்கு பணம் வந்தாதான். எங்க பேங்குக்கு வர்றது கொஞ்சூண்டு, பன்னண்டு மணிக்கெல்லாம் "பணம் இல்லை"ன்னு அட்டைய மாட்டிடுவாங்க. பத்து மணிக்குத் தொறக்கற கதவுக்கு அஞ்சு மணிக்கே ஜனம் வந்து நிக்கும். மொத ரெண்டு நாளு சரியான அடிதடி. ஒருத்தன் செங்கல்ல வெச்சிட்டு போறான், ஒருத்தன் பைய வெக்கிறான், எவனோ ஒருத்தன் வூட்ல இருக்கற செருப்பு பூராத்தையும் கொணாந்து ஏழு பேருக்கு எடம் போட்டுட்டான். எது யாரோட செருப்புன்னு தெர்ல. செருப்புக்காவ மண்டைய ஒடைச்சிகினாங்க.

மூணாம் நாளு நான் எங்க தெருப் பொம்பளைங்ககிட்ட சொன்னேன். "இன்னாத்துக்குமே இந்தக் கூத்து? கொடத்த எடுத்தாங்க."

வெடிகாலைல பேங்கு வாசல்ல எங்க கொடம் முப்பது நின்னுச்சி. செக்யூரிட்டி பெரியவரு முழிச்சாரு. "இங்க தண்ணி வராதும்மா"ன்னாரு. வரிசையே சிரிச்சிடுச்சி. அந்த நாளுங்கள்ல நாங்க மனசு வுட்டு சிரிச்சது அந்த ஒரு தபாதான். நான் எல்லாருக்கும் கேக்கற மாரி ரூலு போட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு கொடம். வூட்டுக்குப் போயி வேலையப் பாத்துட்டு வரலாம். வரிசை நவுந்தா பக்கத்துல இருக்கறவங்க கொடத்தக் கால்ல தள்ளி வுடணும். கல்லு, பையி, செருப்பு எதுவும் செல்லாது. கொடந்தான் ஆளு, செருப்புக்கு எடம் கெடையாது. வேத்துத் தெரு ஆம்பளைங்க ரெண்டு பேரு மொறச்சாங்க. நான் மொறச்சதுல அடங்கிட்டாங்க. மறுநாளு அவங்களும் எங்கியோ போயி பிளாஸ்டிக் கொடம் வாங்கிகினு வந்து நின்னாங்க, சத்தியமா சொல்றேன்.

எதிர்வூட்டுப் பொண்ணு மறு வாரம் புதன்கெழம நின்னா, அவ கிட்ட வரும்போது பணம் தீந்துடுச்சி. வியாயக்கெழம நின்னா, கதவுக்கு ரெண்டு ஆளு முன்னால தீந்துடுச்சி. ஏஜென்ட்டு சொல்லியிருந்தது வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆறு மணி. வாரக் கணக்குக்குள்ள அடங்கற தொகைதான், ஆனா புது நோட்டா கையில குடுக்கணும், இல்லாட்டி அந்த டிக்கெட்டு வேற ஆளுக்குப் போயிடும். அவன் பின்னாலயும் பத்து பேரு நின்னாங்க. அவ புருசன் அந்த ஏஜென்ட்டு ஆபீஸ் வாசல்லயே போயி ஒக்காந்துட்டான், எழுந்து வந்தா அந்த எடமும் போயிடுமோன்னு.

வெள்ளிக்கெழம நானே அவளை நாலு மணிக்கி எழுப்பி இட்டுகினு போனேன். "இன்னிக்கி வாங்காம வூட்டுக்கு வரக்கூடாதுமே"ன்னேன். அவ கொடம் எட்டாவது. மஞ்சக் கொடம், கழுத்துல செவப்புத் துணி கட்டியிருக்கும். எனக்கு முன்னால நாலு பேரு, அவங்களுக்கும் முன்னால அவ. வானம் மூடிகினு லேசா தூறிகினே இருந்துச்சி. ரெண்டு நாளா தெருவுல தண்ணி இல்ல, வூட்டுக்கு வெளிய இருக்கற என் டிரம்மு தட்டுனா டங்குன்னு சத்தம் வர்ற அளவுக்குக் காலி.

பத்து மணிக்குக் கதவத் தொறந்தாங்க. உள்ள வுடறதுல ஏதோ தகராறு, முன்னால பெரிய மனுசன் மாரி ஒருத்தன் வரிசைக்கி வராம நேரா உள்ள நொழையப் பாத்தான். நான் போயி கத்துனேன். நல்லா கத்துனேன், அந்தாளு மூணு தலைமொறைக்கி மறக்க மாட்டான். திரும்பி என் எடத்துக்கு வந்தப்போ அந்த மஞ்சக் கொடத்தக் காணோம். அது இருந்த எடத்துல ஒரு ஜோடி செருப்பு.

பின்னால நின்ன ஒருத்தன், வேத்துத் தெரு ஆளு, உடனே குரல் குடுத்தான். "இன்னாம்மா, நீதான ரூலு போட்ட? செருப்பு செல்லாதுன்னு நீதான சொன்ன? இப்ப இன்னா சொல்ற?"

அவன் பின்னால இன்னும் நாலு பேரு. "ரூலுன்னா எல்லாத்துக்கும் ரூலு!"

நான் ரெண்டு தபா சுத்திப் பாத்தேன். அவ இல்ல. குனிஞ்சி அந்தச் செருப்ப எடுத்து கால்வாய் ஓரமா வெச்சேன். வரிசை ஒரு எடம் முன்னால நவுந்துச்சி. நானுந்தான் நவுந்தேன்.

ஒரு அரைமணி கழிச்சி அவ வந்தா. வெறுங்காலு, பொடவை முட்டி வரைக்கும் நனஞ்சி, இடுப்புல மஞ்சக் கொடம் காலியா. மூச்சு வாங்குது. நான் அதுக்குள்ள கதவுக்குக் கிட்ட போயிருந்தேன்.

"யக்கா, என் எடம்?"

"எங்கமே போன?"

"லாரி வந்துச்சிக்கா."

"லாரி வந்தா? கொடத்த இன்னாத்துக்குத் தூக்கின? செருப்பெல்லாம் கணக்குல இல்லன்னு உனக்குத் தெரியாதா? இத்தினி பேரு கேக்கறாங்க, நான் இன்னா சொல்லட்டும்?"

எல்லாருக்கும் கேக்கற மாரிதான் சொன்னேன். அவளுக்கு சொன்னதா, வரிசைக்கி சொன்னதான்னு கேட்டா, வரிசைக்கித்தான். அவ என்னையே ஒரு நிமிசம் பாத்தா, அப்பறம் கால்வாய் ஓரத்துல இருந்த செருப்பப் பாத்தா. போயி அத்த மாட்டிகினு, கொடத்த எடுத்துகினு கடேசிக்குப் போயிட்டா. அங்க அப்போ நூறு பேருக்கு மேல.

வாடகைக்கும் அரிசிக்கும்னு கேட்ட பணம் எனக்குக் கெடச்சிடுச்சி. ரோஸ் கலர்ல ரெண்டாயிரம் நோட்டு, பொம்மைப் பணம் மாரி இருந்துச்சி. எனக்குப் பின்னால மூணு பேரு வாங்குனாங்க. அப்பால அட்டைய மாட்டிட்டாங்க.

நான் கொடத்தத் தூக்கிகினு வெளிய வரும்போது அவ வரிசைல இன்னும் நின்னுகினு இருந்தா. அட்டைய மாட்டுனது அங்க வரைக்கும் தெர்ல போல. நான் வேற பக்கமா வந்துட்டேன். மூஞ்சியப் பாக்க தைரியம் இல்ல, அதான் உண்மை.

வூட்டு வாசல்ல டிரம்மு மேல மூடி போட்டிருந்துச்சி. மூடி மேல ஒரு கல்லு. நான் மூடுனது இல்ல அது. தொறந்து பாத்தா தண்ணி விளிம்பு வரைக்கும். ரொம்பிப் போயி கீழ கூட வழிஞ்சிருக்கு.

பக்கத்து வூட்டம்மா துணி காயப்போட்டுகினே சொல்லிச்சி. "உன் வூடு பூட்டிக் கெடக்கே, உன் கொடமும் பேங்குல நிக்கிதேன்னு எதிர்வூட்டுப் பொண்ணுதான் ஓடி வந்து புடிச்சி ஊத்துச்சி. லாரிக்காரன் கெளம்பறேன்னு அவசரப்படுத்தினான், வூட்ல இருந்த ஒரு கொடத்துல ஆவாதுன்னு பேங்குக்கு ஓடிப்போயி அந்த மஞ்சக் கொடத்தயும் எடுத்தாந்துச்சி. அது வூட்டுக்கு ரெண்டு கொடந்தான் புடிச்சிது, மீதி பூரா உனக்குத்தான்."

நான் அந்த டிரம்மு பக்கத்துலயே குந்திட்டேன். இன்னா பண்றதுன்னு தெர்ல. பேங்குல வாங்குன பணத்த அப்படியே முந்தானைல முடிஞ்சிகினு போயி அவ வூட்டு வாசல்ல நின்னேன். அவ அப்பதான் வந்திருந்தா. சின்னவனுக்கு சோறு ஊட்டிகினு இருந்தா.

"இத்த வெச்சிக்கமே"ன்னு நீட்டுனேன்.

அவ நோட்ட எண்ணவே இல்ல. "கால்வாசி கூட ஆவாதுக்கா. நீ வெச்சிக்கோ, உனக்கும் வாடகை குடுக்கணும்ல"ன்னா. கொரல்ல கோவம் இல்ல. அது இருந்திருந்தா தேவல. ராத்திரி ஏழரை மணிக்கி அவ புருசன் ஏஜென்ட்டு ஆபீஸ்லருந்து நடந்தே வந்தான். சட்டைய ஆணில மாட்டிட்டு, சோறு இருக்குதான்னு கேட்டான். எங்க வூட்லருந்து எல்லாமே கேட்டுச்சி. அந்த சந்து அவ்ளோ குறுகலு.

எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. நீ இன்னா பண்ணுவ, ரூலு ரூலுதான்னாங்க. மழை இருட்டுல, கூட்டத்துல, யாரு செருப்புன்னு உனக்குத் தெரியுமான்னாங்க. நானும் தெரியாதுன்னேன். அப்பலருந்து எல்லார்கிட்டயும் அதேதான் சொல்லிகினு வரேன். இங்க எழுதறதுல பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது?

எனக்குத் தெரியும். பட்டப்பகலு, இருட்டே கெடையாது. வலது கால் செருப்புல வெள்ள வாரு அந்து போயி நீல வாரு போட்டிருப்பா. அந்த நீல வாரு நான் குடுத்தது, என் பழைய செருப்புலருந்து கழட்டி. குனிஞ்சி எடுக்கறப்பவே தெரியும். அப்பவும் எடுத்தேன். பின்னால கத்துனவங்களுக்கு பயந்துன்னு சொன்னா பாதிதான் உண்மை. நான் எவனுக்குப் பயந்தேன்? அவ ஒரு ஆளு கொறஞ்சா நான் ஒரு எடம் முன்னால போவேன்னு எங்கியோ ஒரு மூலைல தோணிச்சி. அவ வந்து கேட்டப்போ "எனக்கு முன்னால நின்னுக்கோ, நான் கடேசிக்குப் போறேன்"னு சொல்லியிருக்கலாம். அதுவும் தோணிச்சி. வாய் வரைக்கும் வந்துச்சி. மார்க்கெட்டு வரைக்கும் கேக்கற வாயி, அன்னிக்கி தொறக்கல.

அண்ணாச்சி மேல கோவப்படுவேன், ஏஜென்ட்டு மேல கோவப்படுவேன், ராத்திரியோட ராத்திரியா நோட்டக் குப்பையாக்குனவங்க மேல வாய்க்கி வந்த மாரி திட்டுவேன். திட்டறதுக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா மேல நாற்காலில இருக்கறவன் வரிசைய மட்டுந்தான் உண்டாக்குனான். அவ செருப்ப ஓரமா வெச்சது அவன் இல்ல.

அவ புருசன் அப்பால வெளிநாடு போவவே இல்ல. ஏஜென்ட்டு ரெண்டு தபா வா வான்னு சொல்லிட்டு, ஆபீஸப் பூட்டிகினு போயிட்டான். கட்டுன பாதிப் பணமும் போச்சி. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலைக்கிப் போனான், இடுப்பு போச்சி, இப்ப அதே யார்டுல வாட்ச்மேனா கேட்டாண்ட ஒக்காந்துகினு கீறான். வெளிநாடு போனவங்க எல்லாம் கொரோனால வெறுங்கையோட திரும்பி வந்தாங்களே, போயிருந்தாலும் இதே கதிதான்னு நான் எனக்கே சொல்லிப் பாத்துகினேன். ஆனா போயி நல்லா ஆனவங்களும் இருக்கறாங்களே. அதனால அந்த ஆறுதலும் ரொம்ப நாளு ஓடல. அவ கழுத்துல இன்னிக்கும் அதே மஞ்சக் கயிறுதான், வருசா வருசம் மாத்திக்கிறா.

அவ என்கூட பேசாம இல்ல. நல்லாத்தான் பேசறா. மீன் கொழம்பு வெச்சா கிண்ணத்துல குடுத்தனுப்பறா. பெரியவன் பன்னண்டாவது பாஸானப்போ மொத ஸ்வீட்டு எனக்குத்தான். அந்த வெள்ளிக்கெழமயப் பத்தி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, இன்னி வரைக்கும் அவ எடுத்தது இல்ல. நான் தெரிஞ்சேதான் எடுத்தேன்னு அவளுக்குத் தெரியுமா, அதுவும் தெர்ல. நீல வாரு யாரு குடுத்ததுன்னு அவளுக்கு மறந்திருக்குமா? மறந்திருக்காது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறிப்போச்சி. இப்பல்லாம் எல்லாம் போன்லயே பணம், மீன்காரம்மா கூட கூடைல ஸ்கேன் பண்ற அட்டைய மாட்டி வெச்சிருக்கு. பேங்கு வாசல்ல ஈ ஓட்டறாங்க. தண்ணி மட்டும் லாரிலதான், வெயில் காலம் வந்தா பழைய படி கொடந்தான் நிக்கும். எல்லாரும் கொடத்த வெச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. அவ மட்டும் போவ மாட்டா. கொடத்து பக்கத்துலயே நிப்பா. ஒரு மணி நேரமானாலும் ரெண்டு மணி நேரமானாலும் ஒரு கைய கொடத்து வாய் மேல வெச்சிகினு நிப்பா.

போன வாரமும் அப்படித்தான். மண்டைய பொளக்கற வெயிலு. எனக்கு மனசு தாங்கல.

"வூட்டுக்குப் போமே, வரிசை நவுந்தா நான் தள்ளி வுடறேன். வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற?"ன்னேன்.

"இருக்கட்டும்க்கா. நிக்கிறேன்"ன்னா. சிரிச்சிகினேதான் சொன்னா. "நீ போ, உனக்கு முட்டி வலி. சோத்த ஆக்கிட்டு வா."

நான் வந்துட்டேன். சோறு வடிச்சி, கொழம்ப எறக்கி வெச்சிட்டுத் திரும்பிப் போயிப் பாத்தேன். லாரி வந்து நின்னுகினு இருந்துச்சி, வரிசை பாதி முடிஞ்சிருந்துச்சி. என் கொடம் வெச்ச எடத்துல இல்ல. வரிசையோட நவுந்து வந்து, அவ கொடத்துக்கு முன்னால நின்னுச்சி. அவதான் ஒவ்வொரு எடமா கால்ல தள்ளிகினே வந்திருக்கா.